எலி மருந்து, அடைப்புக்குறி, ஒரு கொம்பு: லிஸ்ப் விண்டோ மேனேஜரின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

இந்த எபிசோடை காட்டாங்குளத்தூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல உக்காந்து ரெக்கார்ட் பண்றேன். நடுவுல செங்கல்பட்டு லோக்கலோட ஹாரன் கேட்டுச்சுன்னா பொறுத்துக்கோங்க. அதை மட்டும் எடிட்ல எடுக்கவே முடியல.

இன்னைக்குக் கதை ஒரு பழைய லேப்டாப்ல இருந்து ஆரம்பிக்குது. எங்க அக்கா ப்ளஸ் டூ படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த லேப்டாப். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்னைக்கு தமிழ்நாடு அரசு தொடங்கின திட்டம் அது. அந்த லேப்டாப்பை வச்சே அக்கா காலேஜ் முடிச்சா, வேலைக்கு அப்ளை பண்ணா, வேலைக்கும் போயிட்டா. லேப்டாப் பீரோ மேல போயிடுச்சு. ரெண்டு ஜிபி ரேம். பேட்டரி செத்து ரொம்ப நாளாச்சு, சார்ஜர் போட்டாதான் உயிர் வரும்.

இந்த நிகழ்ச்சியோட எழுத்து வடிவத்தை நானேதான் டைப் பண்றேன். என்னோட லேப்டாப் ரிப்பேர் ஆனப்போ, புதுசு வாங்கப் பணம் இல்ல. அக்காவோட லேப்டாப்பை இறக்கித் தூசி தட்டினேன். ஆன் ஆச்சு. ஆனா ஒரு பிரவுசர் திறந்து, பக்கத்துல ஆடியோவை ஓட விட்டு, தமிழ்ல டைப் பண்ண ஆரம்பிச்சா, நான் அடிச்ச எழுத்து ஸ்கிரீன்ல வர்றதுக்குள்ள ஒரு வாய் டீ குடிச்சிடலாம்.

அப்போ ஒரு ஃப்ரெண்ட் சொன்னான்: "மச்சான், டெஸ்க்டாப்பே வேணாம். டெபியன் போடு, அது மேல விண்டோ மேனேஜர் மட்டும் போடு. முடிஞ்சா லிஸ்ப்ல எழுதினதா போடு. உனக்குத்தான் பழைய கதை பிடிக்குமே." கடைசி வரியை அவன் கிண்டலாத்தான் சொன்னான். எனக்கு அது ஒரு எபிசோடா மாறிடுச்சு.

ரெண்டு எம்ஐடி

முதல்ல ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துடுவோம். நம்ம ரயில் லைன்ல எம்ஐடின்னா குரோம்பேட்டை. 1949-ல சி. ராஜம் தொடங்கின மெட்ராஸ் இன்ஸ்டிட்யூட் ஆஃப் டெக்னாலஜி. அப்துல் கலாம் படிச்ச இடம், எழுத்தாளர் சுஜாதா படிச்ச இடம். உலகத்துக்கு எம்ஐடின்னா அமெரிக்காவுல, மாசசூசெட்ஸ்ல இருக்கிறது. இன்னைக்குக் கதையில ரெண்டு எம்ஐடியும் வருது.

அக்காவோட லேப்டாப்ல விண்டோஸ் பக்கத்துல இன்னொரு சிஸ்டமும் இருந்துச்சு. பாஸ் லினக்ஸ். அரசு கொடுத்த பல லேப்டாப்கள்ல இதைப் பார்த்திருப்பீங்க. 'பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ்' என்பதோட சுருக்கம்தான் பாஸ். டெபியனை அடிப்படையா வச்சு, இந்திய மொழிகளுக்கான வசதிகளோட, சென்னை சி-டாக் உருவாக்கி 2007-ல வெளியிட்டது. அதுக்குப் பின்னாடி என்ஆர்சிஃபாஸ் என்ற தேசியத் திட்டம் இருந்தது. 2005-ல தொடங்கின அந்தத் திட்டத்தோட ஒரு கால் சி-டாக்ல, இன்னொரு கால் குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்துக்குள்ள இருக்கிற ஏயு-கேபிசி ஆய்வு மையத்துல. எங்க ஸ்டேஷன்ல இருந்து முக்கால் மணி நேரத்துக்குள்ள போயிடலாம்.

அதே காலத்துல இந்தப் பக்கம் வேற வேலைகளும் நடந்துச்சு. சென்னை லினக்ஸ் பயனர் குழு ஐஐடி வளாகத்துல மாசா மாசம் கூடிப் பேசிக்கிட்டு இருந்தது. 2006 நவம்பர்ல காஞ்சி லினக்ஸ் பயனர் குழு ஆரம்பிச்சது. அப்போ காட்டாங்குளத்தூர் காஞ்சிபுரம் மாவட்டம்தான். செங்கல்பட்டு மாவட்டமானது 2019-ல. எல்காட் நிறுவனம், சி. உமாசங்கர் நிர்வாக இயக்குநரா இருந்தப்போ, தன்னோட கம்ப்யூட்டர்களை சூசே லினக்ஸுக்கு மாத்தினது. கேடிஇ, க்னோம் போன்ற டெஸ்க்டாப்களைத் தமிழாக்கின தன்னார்வலர்கள் சென்னையிலயும் இருந்தாங்க, கனடாவுலயும் இருந்தாங்க.

இவ்வளவு பேர் உழைப்புக்கு அப்புறம் அந்த பாஸ் லினக்ஸ் அக்கா லேப்டாப்ல வந்து உக்காந்தது. அக்கா அதை ஒரு தடவைகூடத் திறக்கல. ஆன் பண்ணும்போது ஒரு பட்டியல் வரும், அஞ்சு செகண்ட் சும்மா இருந்தா விண்டோஸ் போயிடும், அவ்வளவுதான். நான் அவளைக் குத்தம் சொல்லல. நானும் அப்போ அப்படித்தான். இலவசமா மாத்திக்கலாம்னு ஒரு பொருள் கையில இருக்கிறதும், அதை நாம மாத்துறதும் வேற வேற விஷயம். நடுவுல என்ன இருக்குன்னு தெரிஞ்சுக்கத்தான் இந்தக் கதையைத் தேடிப் போனேன்.

ஜன்னலுக்கு யார் பொறுப்பு?

விண்டோ மேனேஜர்னா என்ன? ஸ்கிரீன்ல ஒரு ஜன்னல் எங்க திறக்கணும், எவ்வளவு பெருசா இருக்கணும், எது மேல, எது கீழ, எந்தக் கீயை அமுக்கினா எதுக்குப் போகணும், இதையெல்லாம் முடிவு பண்ற புரோகிராம். விண்டோஸ்லயும் மேக்லயும் இது சிஸ்டத்துக்குள்ளயே ஒட்டியிருக்கும், கழட்ட முடியாது. லினக்ஸ்ல பல வருஷமா இது தனி ஆள். ஏன்னா, அதுக்கு அடியில இருக்கிற எக்ஸ் விண்டோ சிஸ்டம் அப்படித்தான் கட்டப்பட்டது.

எக்ஸ், 1984-ல அமெரிக்க எம்ஐடியில பிறந்தது. ராபர்ட் ஷெய்ஃப்ளர், ஜிம் கெட்டிஸ் ரெண்டு பேரும் முக்கியமானவங்க. இன்னைக்கும் ஓடுற பதினோராம் பதிப்பு 1987 செப்டம்பர்ல வந்தது. அவங்க எடுத்த முடிவு இதுதான்: ஸ்கிரீன்ல கோடு போடுறது, கீபோர்டைக் கேக்குறது எங்க வேலை. ஜன்னலுக்கு பார்டர் வேணுமா, எங்க வைக்கணும் என்பதெல்லாம் எங்க வேலை இல்ல, அதை வேற ஒரு புரோகிராம் பார்த்துக்கட்டும். கல்யாண மண்டபத்துக்காரர் மாதிரி. ஹாலும் லைட்டும் அவர் தருவார். பந்தி எப்படிப் போடுறதுன்னு பொண்ணு வீட்டுக்காரங்க முடிவு பண்ணிக்கலாம்.

இந்த இடைவெளிக்குள்ளதான் லிஸ்ப் நுழைஞ்சது.

அடைப்புக்குறிக்குள்ள ஒரு மொழி

லிஸ்ப், 1958-ல அதே எம்ஐடியில ஜான் மெக்கார்த்தி உருவாக்கின மொழி. இன்னும் புழக்கத்துல இருக்கிற நிரல்மொழிகள்ல இதைவிடப் பழசு ஃபோர்ட்ரான் மாதிரி ஒண்ணு ரெண்டுதான். இதுல எல்லாமே பட்டியல். ரெண்டையும் மூணையும் கூட்டணும்னா, கூட்டல் குறியை நடுவுல போடாம முன்னாடி போட்டு, மொத்தத்தையும் அடைப்புக்குறிக்குள்ள வைப்போம். (கூட்டு 2 3) என்பது மாதிரி. பட்டியலுக்குள்ள பட்டியல், அதுக்குள்ள இன்னொரு பட்டியல். கடைசியில மூடுற அடைப்புக்குறி வரிசையைப் பார்த்தா முறுக்கு உடைஞ்சு கொட்டின மாதிரி இருக்கும்.

இதுல என்ன விசேஷம்? லிஸ்ப்ல கோடும் பட்டியல், டேட்டாவும் பட்டியல். அதனால ஒரு புரோகிராம் ஓடிக்கிட்டு இருக்கும்போதே, புதுசா ஒரு பட்டியலை எழுதி, "இதை இப்பவே செய்"னு கொடுக்கலாம். மெக்கார்த்தி 1960-ல வெளியிட்ட கட்டுரையில, எந்த லிஸ்ப் வரியையும் படிச்சு நிறைவேத்துற ஒரு ஃபங்ஷனை லிஸ்ப்லயே எழுதிக் காட்டினார். அவருக்கு அது தாள்ல இருக்கிற ஒரு கணக்கு. அவரோட வேலை பார்த்த ஸ்டீவ் ரஸ்ஸல், இதை நிஜமாவே மெஷின்ல ஓட்டலாமேன்னு உக்காந்து, ஐபிஎம் 704-ல எழுதிட்டார். அப்படித்தான் லிஸ்ப்புக்கு உயிர் வந்தது.

1970-கள்ல எம்ஐடியோட செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துல ரிச்சர்ட் கிரீன்பிளாட், டாம் நைட் போன்றவங்க லிஸ்ப்புக்குன்னே தனி கம்ப்யூட்டர் கட்டினாங்க. அதுல மேல இருந்து கீழ வரைக்கும் லிஸ்ப்தான். எடிட்டர், ஜன்னல்கள், எது பிடிக்கலன்னாலும் அதோட கோடைத் திறந்து மாத்தலாம். மெஷினை நிறுத்தக்கூட வேணாம். ஓடுற வண்டியில டயர் மாத்துற வேலை.

அப்புறம் காசு வந்தது, சண்டையும் வந்தது. ஆய்வகத்து ஆட்கள் பிரிஞ்சு சிம்பாலிக்ஸ், எல்எம்ஐன்னு ரெண்டு கம்பெனி ஆரம்பிச்சாங்க. சிம்பாலிக்ஸ் தன்னோட மாற்றங்களை எல்லாருக்கும் கொடுக்கிறதை நிறுத்தினது. அந்த ஆய்வகத்துல இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன் கிட்டத்தட்ட ரெண்டு வருஷம், சிம்பாலிக்ஸ் சேர்த்த வசதிகளைத் தனி ஆளா திரும்ப எழுதிக்கிட்டு இருந்தார். 1983 செப்டம்பர்ல குனு திட்டத்தை அறிவிச்சார். 1985-ல குனு ஈமேக்ஸ் வெளியானது. அது பேருக்குத்தான் எடிட்டர். உள்ள ஒரு லிஸ்ப் ஓடிக்கிட்டு இருக்கும். லிஸ்ப் மெஷின் போனாலும், அதோட பழக்கம் ஈமேக்ஸுக்குள்ள குடியேறிடுச்சுன்னு சொல்லலாம்.

அதே 1985-லதான் எங்க ஊர்ல எஸ்ஆர்எம் பொறியியல் கல்லூரி தொடங்கினது. ரெண்டுக்கும் சம்பந்தம் எதுவும் இல்ல. ஆனா இன்னைக்கு அந்தக் கல்லூரியால இந்த ஊர் முழுக்க ஹாஸ்டலும் லேப்டாப்பும்தான். வருஷத்தை ஞாபகம் வச்சுக்க எனக்கு இது உதவுது.

எலி மருந்து

எக்ஸ் விட்டு வச்ச இடைவெளியில லிஸ்ப்காரங்க சீக்கிரமே வந்தாங்க. 1980-களின் கடைசியில பிரான்ஸ்ல கோலாஸ் நஹாபூ, ஜிடபிள்யூஎம் என்ற விண்டோ மேனேஜரை எழுதினார். அதுக்குள்ள வூல்னு ஒரு குட்டி லிஸ்ப். 1999-ல ஜான் ஹார்ப்பர் எழுதினது சாமில், அப்புறம் சாஃபிஷ்னு பேர் மாறினது. இதுவும் லிஸ்ப்தான். 2000-ஐ ஒட்டின சில வருஷம் க்னோம் டெஸ்க்டாப்போட வழக்கமான விண்டோ மேனேஜரா அது இருந்தது. அப்போ ரெட்ஹாட் சிடி போட்ட சென்னைப் பசங்க பல பேர், தெரியாமலேயே லிஸ்ப் மேல உக்காந்துதான் வேலை பார்த்திருக்காங்க. பிறகு க்னோம் மெட்டாசிட்டிக்கு மாறினது. பயனருக்கு ஆப்ஷன் அதிகமா கொடுத்தா குழப்பம்தான், நல்ல இயல்பு அமைப்பு ஒண்ணு போதும் என்பது அவங்க வாதம். அதுலயும் நியாயம் இருக்கு.

2000-ல ஷான் பெட்ஸ் ஒரு விண்டோ மேனேஜர் எழுதினார். பேரு ராட்பாய்சன். எலி மருந்து! மவுஸே வேணாம், எல்லாம் கீபோர்டுதான் என்பதால அந்தப் பேரு. அதை சி மொழியில எழுதியிருந்தார். அதுல மேல மேல வசதி சேர்க்கச் சேர்க்க, ஒவ்வொரு மாற்றத்துக்கும் சி-யில எழுதித் திரும்ப கம்பைல் பண்றதைவிட, முழுசையும் காமன் லிஸ்ப்ல எழுதிடலாம்னு அடுத்ததுக்குப் போனார். அதுதான் ஸ்டம்ப்டபிள்யூஎம்.

நான் முதல்ல போட்டது இதைத்தான். டெபியன் 13-ஐ டெஸ்க்டாப் எதுவும் டிக் பண்ணாம இன்ஸ்டால் பண்ணேன். எக்ஸ் சர்வர், எஸ்பிசிஎல்ங்கிற காமன் லிஸ்ப், ஸ்டம்ப்டபிள்யூஎம். ஸ்டார்ட் பண்ணா கறுப்பு ஸ்கிரீன், மூலையில ரெண்டு வரி வரவேற்பு, அவ்வளவுதான். ஐகான் கிடையாது, மெனு கிடையாது. கண்ட்ரோலும் டி-யும் அமுக்கி, அடுத்து சி அமுக்கினா டெர்மினல். எஸ் அமுக்கினா ஸ்கிரீன் ரெண்டா பிளக்கும். மேல ஆடியோ, கீழ எழுதுற இடம். எனக்கு வேண்டியதே இதுதான்.

பழைய லேப்டாப் மூச்சு விட ஆரம்பிச்சது. அதைவிட எனக்குப் பிடிச்சது வேற ஒண்ணு. கண்ட்ரோல் டி, அப்புறம் கோலன் அமுக்கினா, ஒரு வரி லிஸ்ப் கேக்கும். அடிச்சேன்னா அந்த நிமிஷமே ஓடுற விண்டோ மேனேஜர் மாறும். மூடித் திறக்க வேணாம். ஆடியோவை அஞ்சு செகண்ட் பின்னாடி தள்ள எனக்கு ஒரு கீ வேணும். எழுதினேன். வந்துடுச்சு. ரஸ்ஸல் 704-ல ஓட்டினது இதைத்தான்னு நினைச்சப்போ நிஜமாவே புல்லரிச்சது.

கொம்பு எங்க போச்சு?

அப்புறம்தான் தமிழ் வந்தது.

ஸ்டம்ப்டபிள்யூஎம்ல திறந்திருக்கிற ஜன்னல்களோட பேரை ஒரு பட்டியலாக் காட்டலாம். என்னோட ஃபைல் பேரெல்லாம் தமிழ். பட்டியல்ல வெறும் கட்டம் கட்டமா வந்தது. சரி, ஃபாண்ட் இல்லன்னு நினைச்சு, நல்ல ஃபாண்ட்களை ஏத்துற துணை மாட்யூலைப் போட்டேன். இப்போ எழுத்து வந்தது. ஆனா 'கெ' எழுதினா கொம்பு ககரத்துக்குப் பின்னாடி நிக்குது. 'கொ' எழுதினா கொம்பும் காலும் ஒண்ணா ஒட்டிக்கிட்டு எழுத்துக்கு வெளிய தொங்குது.

காரணம் எளிமையானது. யூனிகோடுல 'கெ' என்பது முதல்ல க, அப்புறம் கொம்பு என்ற வரிசையிலதான் சேமிக்கப்படும். நாம சொல்ற வரிசை அது. ஆனா எழுதும்போது கொம்பு இடது பக்கம் வரணும். இந்த இடமாற்றத்தைச் செய்ய ஸ்கிரீன்ல வரையுறப்போ தனியா ஒரு வேலை நடக்கணும். இன்னைக்கு பிரவுசர்லயும் ஆண்ட்ராய்டுலயும் அதைச் செய்யறது ஹார்ஃபஸ் என்ற நிரலகம். அதோட பேரே பாரசீக மொழியில 'திறந்த எழுத்து' என்ற அர்த்தம் தரும். ஸ்டம்ப்டபிள்யூஎம் எழுத்து வரையுற வழியில அந்த வேலை இல்ல. ஆங்கிலம் ஒவ்வொரு எழுத்தா வரிசையா நிக்கும், அவங்களுக்கு அது தேவைப்படல.

இங்க ஒரு நிமிஷம் நிக்கணும். ஓடிக்கிட்டு இருக்கும்போதே முழுசா மாத்தலாம்னு சொல்ற ஒரு கருவி, நம்ம கொம்பைத் தப்பான பக்கம் வைக்குது. என் கையில முழுச் சுதந்திரம் இருக்கு. ஆனா அதை வச்சு நான் ஒரு எழுத்து வரையுற இயந்திரமே எழுதணும். எனக்கு அந்தத் திறமை இல்ல. அக்கா பாஸ் லினக்ஸைத் திறக்காததுக்கும் நான் இங்க நின்னதுக்கும் தூரம் அதிகம் இல்ல. மாத்த உரிமை இருந்தா மட்டும் போதாது. நமக்கு முன்னாடி நம்ம மொழிக்காரங்க யாராவது அங்க வந்து உக்காந்திருக்கணும்.

ஈமேக்ஸுக்குள்ள வந்து உக்காந்தவங்க

ஈமேக்ஸ்ல அப்படி வந்து உக்காந்திருக்காங்க. 2020-ல வந்த ஈமேக்ஸ் 27-ல ஹார்ஃபஸ் சேர்ந்தது, கொம்பு அதோட இடத்துல நிக்கும். 2023-ல வந்த ஈமேக்ஸ் 29-ல தமிழ்99 தட்டச்சு முறை சேர்ந்தது. கூடவே, நம்ம இஷ்டத்துக்கு விதிகளை மாத்திக்கிற மாதிரி ஒரு ஒலிபெயர்ப்பு முறையும் வந்தது. முன்னாடி ஈமேக்ஸோட சில தமிழ் முறைகள்ல 1, 2, 3 அடிச்சா தமிழ் எண்கள் வந்துடும். இன்னைக்கு யாரும் அன்றாடம் அப்படி எழுதறதில்லன்னு யாரோ எடுத்துச் சொன்னாங்க, இயல்பை மாத்தினாங்க. தமிழ் எண் வேணும்கிறவங்களுக்குத் தனி முறை வச்சாங்க. தமிழ் தெரிஞ்ச ஒரு ஆள் உள்ள இருந்தாத்தான் இப்படி ஒரு திருத்தம் நடக்கும்.

தமிழ்99-க்கும் சென்னையில ஒரு கதை இருக்கு. 1999 பிப்ரவரியில சென்னையில தமிழ்நெட்99 மாநாடு நடந்தது. அதுவரைக்கும் ஒவ்வொரு டிடிபி கடையிலயும் ஒவ்வொரு கீபோர்டு, ஒவ்வொரு ஃபாண்ட். அங்க பேசி முடிவான கீபோர்டைத் தமிழ்நாடு அரசு தரமா ஏத்துக்கிட்டது. உயிர் எழுத்துகள் இடது கை, மெய் வலது கை. அதுல எனக்குப் பிடிச்ச விதி: ஒரே மெய்யை ரெண்டு தடவை அடிச்சா முதல்ல இருக்கிறதுக்குப் புள்ளி தானா வந்துடும். 'அக்கா'ன்னு அடிக்க அ, க, க, ஆ. நாலே கீ. புள்ளிக்குத் தனிக் கீ வேணாம். நம்ம இலக்கணம் தெரிஞ்சவங்க வடிவமைச்ச கீபோர்டு.

இப்போ கதையோட ரெண்டு நுனியும் சேருது. ஈமேக்ஸ்ல இந்த விதிகளும் லிஸ்ப் பட்டியல்தான். இந்தக் கீ அடிச்சா இந்த எழுத்து, இந்த ரெண்டு கீ அடிச்சா இந்தக் கூட்டு. திறந்து படிக்கலாம், தப்பு இருந்தா திருத்தலாம், திருத்தினதை அந்த நிமிஷமே ஓட்டிப் பார்க்கலாம்.

ஈமேக்ஸையே விண்டோ மேனேஜரா ஆக்குற ஒரு பொதியும் இருக்கு. பேரு ஈஎக்ஸ்டபிள்யூஎம். 2015-ல கிறிஸ் ஃபெங் ஆரம்பிச்சது. இதைப் போட்டா பிரவுசர், ஆடியோ பிளேயர் எல்லாமே ஈமேக்ஸுக்குள்ள இன்னொரு ஃபைல் மாதிரி ஆயிடும். செட்டப் பெருசா எதுவும் இல்ல. ஈமேக்ஸோட பொதிப் பட்டியல்ல இருந்து இறக்கணும், செட்டிங்ஸ் ஃபைல்ல சில வரி எழுதணும், எக்ஸ் ஸ்டார்ட் ஆகும்போது ஈமேக்ஸை மட்டும் கூப்பிடச் சொல்லணும். அதுக்குள்ளயே ஒரு துணைப் பகுதி, ஈமேக்ஸோட தட்டச்சு முறையை மத்த புரோகிராம்களுக்கும் கொடுக்கும். அதாவது, ஈமேக்ஸ்ல இருக்கிற தமிழ்99 இப்போ என் பிரவுசர்லயும் வேலை செய்யுது. தமிழுக்குன்னு தனியா இன்னொரு புரோகிராம் ஓட வேண்டியதில்ல. ரெண்டு ஜிபி ரேமுக்கு அது பெரிய விஷயம்.

அவ்வளவும் சுகமா நடந்துச்சுன்னு நினைக்காதீங்க. முதல் நாள் ராத்திரி ஒரு அடைப்புக்குறியை மூட மறந்துட்டேன். மறுநாள் ஆன் பண்ணா எதுவுமே வரல. கண்ட்ரோல், ஆல்ட், எஃப்2 அமுக்கி, வெறும் எழுத்து ஸ்கிரீன்ல போய், ஃபைலைத் திறந்து ஒவ்வொரு குறியா எண்ணினேன். இன்னொண்ணு, ஈமேக்ஸ் ஒரே வேலைக்காரர். அவர் எதுக்காவது காத்திருந்தா, வீடு முழுக்கக் காத்திருக்கும். ரெக்கார்டிங் கெடு அன்னைக்கு ஒரு பெரிய ஃபைலைத் திறந்து, மொத்த ஸ்கிரீனும் உறைஞ்சு நின்ன அனுபவமும் இருக்கு.

அக்கா வந்தப்போ

பொங்கலுக்கு அக்கா வீட்டுக்கு வந்தா. பழைய காலேஜ் ஃபோட்டோவெல்லாம் அதுலதானே இருக்குன்னு லேப்டாப்பைத் திறந்தா. கறுப்பு ஸ்கிரீன். என்னைக் கூப்பிட்டுக் கேட்டா: "டேய், போயிடுச்சா?"

எனக்குச் சிரிப்பு வந்தது, கொஞ்சம் வெக்கமாவும் இருந்தது. அது அவளோட லேப்டாப். நான் அதை எனக்கு மட்டும் புரியற மாதிரி மாத்தி வச்சிருக்கேன். பாஸ் லினக்ஸுக்கு வேலை பார்த்தவங்க, லட்சக்கணக்கான பிள்ளைங்க யாரும் தடுமாறக் கூடாதுன்னு யோசிச்சாங்க. லிஸ்ப்காரங்க, ஒரு ஆள் தன் மெஷினை முழுசா தன் கைக்குக் கொண்டு வரணும்னு யோசிச்சாங்க. ரெண்டும் அதே உரிமையில இருந்துதான் வருது: கோடு திறந்திருக்கு. ஆனா ஒண்ணை எடுத்துக்கிட்டு இன்னொண்ணை மறந்துட்டா, கடைசியில ஒருத்தர் திறக்காத ஐகானும் இன்னொருத்தர் தொட முடியாத கறுப்பு ஸ்கிரீனும்தான் மிஞ்சும்.

அன்னைக்கு சாயங்காலம் உக்காந்து ஒரு குட்டி ஃபங்ஷன் எழுதினேன். ஈமேக்ஸ்ல ஃபங்ஷனுக்குத் தமிழ்லயே பேர் வைக்கலாம். பேரு 'அக்கா'. அதைக் கூப்பிட்டா அவளோட ஃபோட்டோ ஃபோல்டர் பெரிய எழுத்துல திறக்கும். அவளுக்காக ஒரு எஃப் கீயும் கொடுத்தேன். ஏழு வரி. அவ அமுக்கினா, வந்தது. "இது உள்ள இருந்ததா, நீ பண்ணதா?"ன்னு கேட்டா. நான் பண்ணேன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "அப்போ என் பேரை மாத்து, அக்கான்னு எல்லாரையும்தான் கூப்பிடுவே"ன்னா. மாத்தினேன். ஸ்கிரீனை மூடாமலேயே.

இது எத்தனை நாளைக்கு?

கடைசியா ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. இந்தக் கதை நின்ன தரை, அதாவது எக்ஸ், இப்போ காலியாகிக்கிட்டு வருது. 2008-ல கிறிஸ்டியன் ஹோக்ஸ்பெர்க் ஆரம்பிச்ச வேலண்ட் அதோட இடத்துக்கு வருது. க்னோம், கேடிஇ ரெண்டும் அந்தப் பக்கம் போயாச்சு. வேலண்ட் பாதுகாப்புல நல்லது, படமும் கிழியாம வரும். ஆனா அதுல விண்டோ மேனேஜர் என்ற தனி ஆள் கிடையாது. மண்டபத்துக்காரரே பந்தியும் போடுவார். ஸ்டம்ப்டபிள்யூஎம், ஈஎக்ஸ்டபிள்யூஎம் ரெண்டும் எக்ஸ்ஸை நம்பி எழுதினவை. அதை அப்படியே அங்க கொண்டு போக முடியாது, புதுசா கட்டணும்.

அப்படிப் புதுசா கட்டும்போது, நம்ம கொம்பு எந்தப் பக்கம் நிக்கும் என்பதுதான் என் கவலை. கூடங்கள் மாறும்போதெல்லாம் முதல்ல விட்டுப்போறது நம்ம மாதிரி மொழிகளோட சின்னச் சின்ன விஷயங்கள்தான். 1999-ல ஒரு மாநாட்டுல உக்காந்து கீபோர்டு பேசினவங்க, குரோம்பேட்டையில வேலை பார்த்தவங்க, ஈமேக்ஸ்ல தமிழ் விதிகளைத் திருத்தி அனுப்பினவங்க, இவங்க யாரும் பெரிய கம்பெனி எப்போ செய்யும்னு காத்துக்கிட்டு இருக்கல. திறந்திருந்த இடத்துல போய் உக்காந்தாங்க. அதனாலதான் இன்னைக்கு இந்த எபிசோடோட எழுத்து வடிவத்தை, பதினஞ்சு வருஷத்தை நெருங்குற ஒரு லேப்டாப்ல, ஒரு வாய் டீகூடக் குடிக்க விடாத வேகத்துல என்னால டைப் பண்ண முடியுது.

உங்க வீட்டு பீரோ மேல ஒரு அரசு லேப்டாப் இருந்தா, இறக்கிப் பாருங்க. லிஸ்ப்பே போடணும்னு இல்ல. எதாவது ஒரு தமிழ் எழுத்து தப்பா வருதான்னு மட்டும் பாருங்க. வந்தா, யார்கிட்ட சொல்லணும்னு தேடிப் பிடிச்சு சொல்லுங்க. அதுவும் உள்ள போய் உக்கார்றதுதான்.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம். அதோ, கேட்டுச்சா? செங்கல்பட்டு லோக்கல்.